பெரிய மீன் தொட்டி: கண்ணாடி எங்கே, அக்ரிலிக் எங்கே?

விவசாயத்துடன் உபதொழிலாக அலங்கார மீன் வளர்ப்பில் ஈடுபடும் சிறு விவசாயிகள், குஞ்சுகளை வளர்க்கச் சிமென்ட் தொட்டிகளையும் தார்ப்பாய் விரித்த குழிகளையும் பயன்படுத்துகின்றனர். அலங்கார மீன் தொழிலுக்குப் பெயர் பெற்ற சென்னை கொளத்தூர் பகுதியிலும் வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் அமைந்த சிமென்ட் தொட்டிகளே பலருக்கு முதலீடாக இருந்து வந்துள்ளன. ஆனால் சிமென்ட் தொட்டியில் மீனின் முதுகு மட்டுமே தெரியும். நிறம், துடுப்பின் அமைப்பு, வயிற்றின் பருமன், உடலில் உள்ள புண் ஆகியவை பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். தாய் மீனைத் தேர்ந்தெடுக்கவும், நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கவும், வாங்க வருபவருக்கு மீனைக் காட்டவும் ஒரு பெரிய பார்வைத் தொட்டி அவசியமாகிறது.

இத்தகைய தொட்டியைச் செய்யும்போது செலவைக் குறைக்கும் எண்ணத்தில், விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் மீதமாகும் அக்ரிலிக் தகட்டை ஒரு பக்கத்துக்கும், கண்ணாடியை மற்றப் பக்கங்களுக்கும் வைத்து ஒட்டிவிடலாமா என்ற கேள்வி எழுவது இயற்கை. அப்படி ஒட்டிய தொட்டி முதல் நாளில் நன்றாகவே நிற்கும். நாளடைவில் மூலையில் ஈரம் தெரியும். பிறகு ஒட்டு பிரியும். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் உள்ள தொட்டி உடைந்தால் சுமார் 680 லிட்டர் தண்ணீரும், அதில் உள்ள தாய் மீன்களும் ஒரே நேரத்தில் தரைக்கு வந்துவிடும். அருகில் மின்சார மோட்டாரோ குழந்தைகளோ இருந்தால் நஷ்டம் மீனோடு நிற்காது. எனவே இவ்விரு பொருள்களில் எதை எங்கே வைக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

தண்ணீர் தள்ளும் விசை

தொட்டியின் சுவரைத் தண்ணீர் தள்ளும் விசை ஆழத்தைப் பொறுத்தது. தொட்டி எவ்வளவு அகலம் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் வீதம் அழுத்தம் கூடுகிறது. மேலே நோஞ்சானாக இருக்கும் அழுத்தம் அடியில் முழுப் பலத்துடன் இருக்கும்.

6 அடி நீளமுள்ள முன்பலகையில் 2 அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், அந்தப் பலகையை மொத்தம் சுமார் 340 கிலோ விசை வெளியே தள்ளுகிறது. ஆழத்தை 3 அடியாக்கினால் விசை சுமார் 765 கிலோவாகிறது. அதாவது ஆழம் ஒன்றரை மடங்கு கூடினால் தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு கூடுகிறது. பெரிய தொட்டி வேண்டுமென்றால் உயரத்தைக் கூட்டாமல் நீளத்தையும் அகலத்தையும் கூட்டுவதே சிக்கனமான வழி. மீன்களுக்கும் அதுவே நல்லது. தண்ணீரின் மேற்பரப்பு அதிகமானால் காற்று கரைவதும் அதிகமாகும்.

சாதாரணக் கண்ணாடியில் செய்யும் தொட்டிக்கு, 4 அடி நீளமும் ஒன்றரை அடி ஆழமும் இருந்தால் 8 முதல் 10 மில்லிமீட்டர் கனமும், 6 அடி நீளமும் 2 அடி ஆழமும் இருந்தால் 12 மில்லிமீட்டர் கனமும் தேவை. 3 அடி ஆழம் என்றால் 19 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி வேண்டியிருக்கும். அதன் விலையும் எடையும் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது.

இரு பொருள்களின் குணங்கள்

கண்ணாடி கனமானது. 10 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை இருக்கும். அதே கனமுள்ள அக்ரிலிக் தகடு சுமார் 12 கிலோதான். அக்ரிலிக் எளிதில் நொறுங்காது. சாதாரண ரம்பத்தால் அறுக்கலாம், டிரில் போட்டுத் துளைக்கலாம். கண்ணாடியில் துளையிட வைரத்துகள் பதித்த துளைக்கருவி தேவை. கடினப்படுத்திய டஃபன்ட் கண்ணாடியாக இருந்தால் பிறகு துளையிடவோ அறுக்கவோ முடியாது. முயன்றால் முழுதும் பொடியாகிவிடும்.

இவ்வளவு வசதிகள் இருந்தும், பாரம் தாங்கும் சுவராக அக்ரிலிக்கைக் கண்ணாடியுடன் சேர்ப்பதில் மூன்று தொல்லைகள் உள்ளன.

முதலாவது, விறைப்பு. ஒரே கனமுள்ள இரு தகடுகளில் ஒரே பாரத்தை ஏற்றினால் அக்ரிலிக் கண்ணாடியை விட இருபது மடங்குக்கு மேல் வளையும். மேற்கூறிய 6 அடி தொட்டியில் 12 மில்லிமீட்டர் கண்ணாடி நடுவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்குள் வளையும் என்றால், அதே கனமுள்ள அக்ரிலிக் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிதுங்கும். அதனுடன் ஒட்டியுள்ள பக்கக் கண்ணாடியோ அசையாமல் நிற்கும். இந்த இழுபறி முழுவதும் மூலையில் உள்ள ஒட்டின் மேல் விழுகிறது. கண்ணாடிக்குச் சமமான விறைப்பு வேண்டுமானால் அக்ரிலிக் ஏறத்தாழ மூன்று மடங்கு கனமாக இருக்க வேண்டும். அப்போது சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது, வெப்பத்தில் நீளுதல். அக்ரிலிக் கண்ணாடியை விட சுமார் எட்டு மடங்கு நீளும். கோடைக்காலத்தில் இரவுக்கும் பகலுக்கும் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால், 6 அடி அக்ரிலிக் தகடு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும்; கண்ணாடி 0.2 மில்லிமீட்டர் மட்டுமே நீளும். தாழ்வாரத்தில் வெயில் படும் தொட்டியில் நாள்தோறும் இந்த நீட்டலும் சுருங்கலும் நடந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, ஈரம் உறிஞ்சுதல். கண்ணாடி தண்ணீரை உறிஞ்சாது. அக்ரிலிக் மெல்ல மெல்ல எடையில் 2 சதவீதம் வரை தண்ணீரை உறிஞ்சி உப்பும். ஒரு பக்கம் நனைந்தும் மறுபக்கம் உலர்ந்தும் இருந்தால் தகடு கோணிக்கொள்ளும்.

ஒட்டும் பசையே பிரச்னை

கண்ணாடித் தொட்டிகளைச் சிலிக்கோன் பசையால் ஒட்டுகிறார்கள். காடி போன்ற வாசனை உள்ள இந்தப் பசை கண்ணாடியை மிக உறுதியாகப் பற்றும். காய்ந்த பிறகும் ரப்பர் போல வளைந்து கொடுக்கும். ஆனால் இதே பசை அக்ரிலிக்கைச் சரியாகப் பற்றுவதில்லை. முதலில் ஒட்டியது போலத் தோன்றினாலும், தண்ணீரில் ஊறியபின் தோல் போல உரிந்து வந்துவிடும்.

அக்ரிலிக்கை அக்ரிலிக்குடன் ஒட்டும் முறை வேறு. பெயர்ப்பலகை செய்பவர்கள் குளோரோஃபார்ம் போன்ற திரவத்தை இரு தகடுகளுக்கும் நடுவே விடுகிறார்கள். அது அக்ரிலிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக உருக்கிச் சேர்க்கிறது. கண்ணாடி இதில் கரையாது. எனவே இந்தத் திரவம் கண்ணாடிக்கு உதவாது. இதன் ஆவி உடலுக்குக் கெடுதி என்பதால், காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் அருகில் இல்லாதபோதே பயன்படுத்த வேண்டும்.

ஆக, கண்ணாடிக்கு ஒரு பசை, அக்ரிலிக்குக்கு ஒரு பசை. இரண்டையும் சேர்த்து 340 கிலோ விசையைத் தாங்கும்படி பிடிக்கும் பசை சிறு விவசாயியின் கைக்கு எட்டுவதாக இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். உள்ளங்கை அளவு அக்ரிலிக் துண்டு ஒன்றையும், அதே அளவு கண்ணாடித் துண்டு ஒன்றையும் ஒரு கண்ணாடிப் பலகை மீது ஒரே சிலிக்கோன் பசையால் ஒட்டி ஒரு வாரம் காயவிட வேண்டும். பிறகு இரண்டு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, கத்தி முனையை இடையில் நுழைத்து நெம்பிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். சில ரூபாய்ச் செலவில் செய்யும் இந்தச் சோதனை, பல ஆயிரம் ரூபாய் நஷ்டத்தைத் தடுக்கும்.

பெரிய காட்சியகங்களில் எப்படி?

வெளிநாட்டுக் காட்சியகங்களில் மிகப் பெரிய தொட்டிகளை அக்ரிலிக்கில்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஜப்பானில் ஒகினாவா தீவில் 2002-ல் திறக்கப்பட்ட சுராவுமி மீன் காட்சியகத்தில், 8.2 மீட்டர் உயரமும் 22.5 மீட்டர் அகலமும் உள்ள அக்ரிலிக் பலகைக்குப் பின்னால் திமிங்கலச் சுறா நீந்துகிறது. ஆனால் அந்தப் பலகையின் கனம் 60 சென்டிமீட்டர், அதாவது 2 அடி. தொட்டியின் மற்றச் சுவர்கள் கான்கிரீட். அக்ரிலிக் அங்கே ஒரு ஜன்னல் மட்டுமே. தண்ணீரின் அழுத்தமே பலகையைச் சட்டத்தின் மேல் அமுக்கிப் பிடித்துக்கொள்ளுமாறு பொருத்துவதே இத்தகைய ஜன்னல்களின் தத்துவம்.

முழுதும் அக்ரிலிக்கால் ஆன தொட்டிக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் பெர்லின் நகர ஓட்டல் ஒன்றில் இருந்த 10 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16-ந் தேதி அதிகாலையில் வெடித்துச் சிதறியது. சுமார் 1,500 மீன்களில் பெரும்பாலானவை மடிந்தன. நிபுணர்கள் அமைத்த தொட்டிக்கே இந்தக் கதி என்றால், மீதத் தகட்டை வைத்துச் செய்யும் தொட்டியில் எவ்வளவு எச்சரிக்கை தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் முறை: சுவர் கண்ணாடி, உள்வேலை அக்ரிலிக்

பாரம் தாங்கும் வேலை கண்ணாடிக்கு, துளையும் வளைவும் தேவைப்படும் சிறு வேலைகள் அக்ரிலிக்குக்கு என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நன்றாக உதவும். அடிப்பலகையும் நான்கு சுவர்களும் கண்ணாடியிலேயே இருக்க வேண்டும். அக்ரிலிக்கைக் கீழ்க்கண்ட வேலைகளுக்குப் பயன்படுத்தலாம்.

தடுப்புகள்: ஆண் சண்டை மீன்கள் ஒன்றை ஒன்று கடித்துக் குதறும். கப்பி, மோலி போன்றவை தாங்கள் ஈன்ற குஞ்சுகளையே தின்றுவிடும். இவற்றைப் பிரிக்கத் துளையிட்ட அக்ரிலிக் தடுப்புகள் மிகவும் ஏற்றவை. தடுப்பின் இரு பக்கமும் தண்ணீர் இருப்பதால் அதன் மேல் பாரம் இல்லை. 4 மில்லிமீட்டர் தகடே போதும். தடுப்பைத் தொட்டியுடன் ஒட்டக் கூடாது. கண்ணாடிச் சுவரில் இரண்டு சிறு கண்ணாடிப் பட்டைகளை இடைவெளி விட்டு ஒட்டி, பள்ளம் போலச் செய்து, அதில் தடுப்பைச் சொருக வேண்டும். அகலத்தில் 4 முதல் 5 மில்லிமீட்டர் குறைவாகத் தகட்டை அறுத்தால் ஊறி உப்பினாலும் சுவரை நெருக்காது. பள்ளம் அந்த இடைவெளியை மறைத்துவிடுவதால் குஞ்சுகளும் நழுவ முடியாது.

வடிகட்டிப் பெட்டியும் வழிந்தோடும் பெட்டியும்: குழாய் நுழையத் துளைகள் தேவைப்படும் இவற்றை அக்ரிலிக்கில் தனியாகச் செய்து, தொட்டியின் விளிம்பில் கொக்கி போல மாட்டிவிடலாம். பெட்டியின் ஒட்டுகள் அக்ரிலிக்கோடு அக்ரிலிக் என்பதால் உறுதியாக இருக்கும். தொட்டியின் கண்ணாடியில் துளையிட வேண்டிய அவசியமும் இல்லை.

மூடி: அக்ரிலிக் மூடியின் அடிப்பக்கம் நனைந்து உப்புவதால் ஓரங்கள் மேல்நோக்கி வளையும். ஒரே பெரிய மூடியாகப் போடாமல் ஒன்றரை அடித் துண்டுகளாகப் போட்டு, வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டால் வளைவு குறையும். விளக்கின் சூடு நேராகப் படும் இடத்தில் கண்ணாடி மூடியே நல்லது.

பெயர்ப்பலகைத் தகட்டைப் பயன்படுத்துவோர் வண்ணம் பூசியதையும், ஸ்டிக்கர் ஒட்டியதையும் தவிர்க்க வேண்டும். பசையை நீக்க பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் ஆகியவற்றைத் தொடக் கூடாது. இவை பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசினால் போதும்.

இரண்டாவது முறை: சிமென்ட் தொட்டியில் கண்ணாடி ஜன்னல்

பெரிய தொட்டி குறைந்த செலவில் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே சிறந்தது. 2 அடி ஆழமுள்ள சிமென்ட் தொட்டியைக் கட்டும்போதே முன்சுவரில் 4 அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள திறப்பை விட்டு, அதன் மேலும் கீழும் கம்பி வைத்த கான்கிரீட் பட்டை அமைக்கக் கொத்தனாரிடம் சொல்ல வேண்டும். திறப்பின் நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கண்ணாடி சுவர் மேல் படியும்படி கண்ணாடியின் அளவு இருக்க வேண்டும். கண்ணாடி படியும் இடம் மேடுபள்ளமின்றி, ரசமட்டம் வைத்துப் பூசப்பட வேண்டும்.

இதில் முக்கியமானது, கண்ணாடியைத் தொட்டியின் உட்புறத்திலிருந்து பொருத்துவது. அப்போது தண்ணீர் கண்ணாடியைச் சுவரோடு சேர்த்து அமுக்கும். பசைக்குக் கசிவைத் தடுக்கும் வேலை மட்டுமே. வெளிப்புறத்தில் ஒட்டினால் பாரம் முழுவதையும் பசையே தாங்க வேண்டியிருக்கும். 12 மில்லிமீட்டர் கண்ணாடி இந்த அளவுக்குப் போதும்.

காடி வாசனையுள்ள சிலிக்கோன் சிமென்ட்டின் காரத்தோடு சேர்ந்தால் பிடிப்பு குறையும். எனவே சட்டத்தின் மேல் முதலில் எபாக்ஸி வண்ணம் பூசிக் காயவிட வேண்டும். அல்லது சிமென்ட்டுக்கு ஏற்ற, வாசனையற்ற 'நியூட்ரல்' வகைச் சிலிக்கோனைக் கேட்டு வாங்க வேண்டும். குளியலறைக்கென விற்கப்படும், பூஞ்சாணத் தடுப்பு மருந்து கலந்த வகை மீன்களுக்கு நஞ்சு. அதை எந்தத் தொட்டிக்கும் பயன்படுத்தக் கூடாது.

புதிய சிமென்ட் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது என்பது பலரும் அறிந்ததே. தண்ணீர் நிரப்பி, பசுஞ்சாணமோ வாழைத்தண்டுத் துண்டுகளோ போட்டு ஊறவிட்டு, பலமுறை தண்ணீரை மாற்றிக் காரத்தைப் போக்கிய பிறகு, சில மீன்களை மட்டும் விட்டுப் பார்த்து மற்றவற்றை விட வேண்டும்.

ஒட்டுவதும் சோதிப்பதும்

கண்ணாடியின் ஓரங்களைச் சாணை பிடித்து, எண்ணெய்ப் பசையின்றி ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்த வேண்டும். கை பட்ட இடத்திலும் பசை சரியாகப் பிடிக்காது. பசையை இடைவெளியின்றி ஒரே கோடாக இட்டு அழுத்த வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி தெரிந்தால் அந்த இடம் பின்னால் கசியும். சிலிக்கோன் வெளியிலிருந்து உள்நோக்கி மெதுவாகக் காயும். மேலே காய்ந்தது போல இருந்தாலும் பெரிய தொட்டிக்கு ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும்.

6 அடி கண்ணாடித் தொட்டி தண்ணீரோடு 800 கிலோவுக்குக் குறையாது. ஆங்கிள் இரும்பில் செய்த நிலைச்சட்டம் நான்கு காலும் சமமாகத் தரையில் பதிய வேண்டும். சட்டத்தின் மேல் ப்ளைவுட் பலகையும், அதன் மேல் தெர்மாகோல் தகடும் வைத்து, அதன் மேல் தொட்டியை வைத்தால் சிறு மணலோ மேடோ கண்ணாடியை உடைக்காது.

முதல் முறை தண்ணீர் நிரப்புவதைத் திறந்த வெளியில், மின்கருவிகள் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். முதல் நாள் கால் பங்கு, மறுநாள் பாதி, அதற்கு அடுத்த நாள் முக்கால், பிறகு முழுதும் என்று நிரப்பி, முழுத் தண்ணீருடன் ஒரு வாரம் விட வேண்டும். முன்பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூலை விறைப்பாகப் பிடித்தால் நடுவில் எவ்வளவு பிதுங்கியுள்ளது என்பது தெரியும். 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் பிதுக்கம் இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனாலோ தண்ணீரை இறக்கிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

அன்றாடக் கவனிப்பு

கண்ணாடியில் படியும் பாசியைச் சவர பிளேடால் சுரண்டலாம். அக்ரிலிக்கில் பிளேடு பட்டால் கீறல் விழும். மென்மையான துணியாலோ பஞ்சாலோ மட்டும் துடைக்க வேண்டும். பஞ்சில் மணல் ஒட்டியிருந்தால் அதுவும் கீறும். மாதம் ஒருமுறை தொட்டியின் நான்கு மூலைகளையும் விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. ஒட்டின் ஓரம் வெளுத்தோ, உரிந்தோ, உள்ளே பச்சைப் பாசி புகுந்தோ இருந்தால் பிடிப்பு விட்டுவிட்டது என்று பொருள். பழைய சிலிக்கோன் மேல் புதியதைப் பூசினால் ஒட்டாது. தண்ணீரை இறக்கி, பழையதை முழுதும் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாக ஒட்ட வேண்டும்.

ஏற்கனவே ஒரு பக்கம் அக்ரிலிக் வைத்துத் தொட்டி செய்துவிட்டவர்கள் தண்ணீர் மட்டத்தை உடனே பாதியாகக் குறைத்தால், தள்ளும் விசை நாலில் ஒரு பங்காகக் குறையும். பிறகு வசதிப்பட்டபோது அந்தப் பக்கத்தைக் கண்ணாடியாக மாற்றி, எடுத்த அக்ரிலிக்கைத் தடுப்புகளாக அறுத்துக்கொள்ளலாம். தகடு வீணாகாது.

கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு, 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் மானியம் வகுக்கப்பட்டது. தற்போதைய உதவிகளையும் விதிகளையும் அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகு தொட்டி வேலையைத் தொடங்கலாம். வரைபடத்துடனும் அளவுகளுடனும் சென்றால் ஆலோசனை பெறுவது சுலபம்.

தொட்டியில் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் உயரம். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் சுவரும் ஒட்டும். சுவரைக் கண்ணாடிக்கும், உள்வேலையை அக்ரிலிக்குக்கும் விட்டால், ஒருமுறை போட்ட முதல் பல ஆண்டுகளுக்குப் பலன் தரும்.